வியாழக்கிழமை காரக்கொல்லை

1. கூப்பிட்ட குரலுக்கெல்லாம்

சித்தூர் ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் டிரெயினிங் முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆந்திரா தனி மாநிலமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டிய ஓர் ஊரில் டிஸ்பென்சரி. ஓடு போட்ட இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா, பின்னால் எனக்குக் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் நகரி. பெயர் சரோஜா என்றாலும் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எல்லோருக்கும் நான் நர்சம்மாதான்.

சனிக்கிழமைதோறும் புத்தூரிலிருந்து டாக்டரம்மா வருவார். தெலுங்குக்காரர். எங்களோடு பேசும்போது தமிழும் தெலுங்கும் கலந்து வரும். முதல் நாள் என் கையில் பிரசவப் பையைக் கொடுத்துச் சொன்னார்:

"இதோ பாரம்மா சரோஜா, அஞ்சு ஊரு உன்னது. பிரசவம் பார்க்கறது பாதி வேலை. அதுக்கு முன்னாடி மாசாமாசம் போய் வயித்துப் பிள்ளைக்காரிங்களைப் பார்க்கறதுதான் மிச்சப் பாதி. அர்த்தமாயிந்தா?"

"ஆயிந்தம்மா" என்றேன். அவர் பேசிய தெலுங்கு எனக்குப் புரிந்தது. சொன்ன விஷயம் புரிய இரண்டு வருஷம் பிடித்தது.

அந்த இரண்டு வருஷமும் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். யார் வந்து கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். உலையில் அரிசி போட்டிருப்பேன், ஆள் வந்து நிற்பார். அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் பாதி வெந்த சோறு விறைத்துப்போய் இருக்கும். என் வீட்டுக்காரர் சுந்தரம் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. மத்தியானம் வந்து பானையைத் திறந்து பார்ப்பார். மோர் இருந்தால் பழைய சோற்றைக் கரைத்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவார். ஒரு நாள் மட்டும் கேட்டார்: "நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டது எப்ப சரோஜா?" எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதிகமாக என்னைக் கூப்பிட்டது வேப்பங்கண்டிகை முன்சீப் வீடு. கிராம முன்சீப்பின் மனைவி ராஜம்மா. அவருடைய மருமகள் கிரிஜாவுக்குத் தலைப்பிரசவம். வெதுருகுப்பத்திலிருந்து வந்த தெலுங்குப் பெண், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாது. வாரத்தில் இரண்டு முறையாவது வில்வண்டி வந்துவிடும். வண்டிக்காரர் இறங்காமலே குரல் கொடுப்பார்.

"நர்சம்மா, பெரியம்மா கூட்டியாரச் சொன்னாங்க."

போனால் கிரிஜாவுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு நாள் இடுப்புப் பிடிப்பு. ஒரு நாள் ஏப்பம். ஒரு நாள் குழந்தை காலையிலிருந்து அசையவில்லை என்றார்கள். நான் துடிப்புக் கேட்கிற குழாயை வயிற்றில் வைத்ததும் அது உள்ளிருந்து உதைத்தது. ராஜம்மா காபி கொடுப்பார், உட்கார வைப்பார், பேசுவார். எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்று வையுங்கள். பெரிய வீட்டு வில்வண்டியில் போய் வருகிற நர்சம்மா என்று ஊரில் பேச்சு. நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பும் இருந்தது. அதனால் வேலை நடக்கிறது என்றே நினைத்துக்கொண்டேன்.

2. ஹாரன் அடிக்காத பஸ்

ஒரு நாள் காலை முன்சீப் வீட்டிலிருந்து திரும்பும்போது ரோட்டோரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வேர்க்கடலைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்தைய வயிறு. கிட்டே போய் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் இடுங்கிப்போகிற அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவே இல்லை.

பெயர் பொன்னி. காரக்கொல்லைக்காரி. அது என் ஐந்து ஊர்களில் கடைசி, ஓடையைத் தாண்டி இருக்கிற சின்ன ஊர். கூலி வேலை செய்கிற குடும்பங்கள்.

"தலை வலிக்குதா பொன்னி?"

"மூணு நாளா இடிச்சிக்கினே கீது நர்சம்மா. கண்ணுல பூச்சி பூச்சியா பறக்குது."

"ஏம்மா, ஒரு ஆளை அனுப்பிச் சொல்லக் கூடாதா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள்: "நீங்க பெரிய ஊட்டுக்குப் போய்க்கினு வந்துகினு கீறீங்க. எங்க ஊருக்கு எப்ப வருவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? வேலைய உட்டுட்டு உங்களத் தேடிக்கினு வந்து, நீங்க இல்லாங்காட்டி கூலியும் போவும்."

இந்த வீக்கமும் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அடுத்து வருவது ஜன்னி, கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பு. ஜன்னி வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். டிஸ்பென்சரியில் அதற்கு மருந்து இல்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நல்லவேளையாகத் திருப்பதி பஸ் வரும் நேரம். அவள் புருஷன் ஏழுமலை அடுத்த கொல்லையிலிருந்து ஓடிவந்தான். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

பஸ் நிரம்பியிருந்தது. நான் கண்டக்டரிடம், "இந்தம்மாவுக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. எது பட்டாலும் ஜன்னி வந்துடும். படுக்க ஒரு சீட்டு வேணும்" என்றேன். கண்டக்டர் உடனே பெரிய சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டார். அவளை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, என் முந்தானையை நனைத்து அவள் கண்மேல் போட்டேன். ஏழுமலை தன் துண்டை ஜன்னலில் கட்டினான். ஜன்னி வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க, வாயில் கொடுக்க ஒரு ஸ்பூனில் துணி சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் முன்னால் போய் டிரைவரிடம் தெலுங்கில், "அண்ணா, ஹாரன் கொட்டொத்து. லோபல கர்ப்பிணி உந்தி" என்றார். ஹாரன் அடிக்காதே, உள்ளே பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று.

அந்த டிரைவரை நான் மறக்க மாட்டேன். மாட்டு வண்டிக்குப் பின்னால் ஹாரன் இல்லாமல் ஊர்ந்து போனார். வழியில் ஆட்டு மந்தை வந்தபோது கண்டக்டர் இறங்கிப்போய்க் கையாலேயே ஓட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதது, அதன் அம்மா பால் கொடுத்து அமர்த்தினாள். பொன்னியின் விரல்கள் இரண்டு முறை வெட்டி இழுத்தன. இரண்டு முறையும் ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோனேன். ஆனால் ஜன்னி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகுதான் வந்தது. அங்கே டாக்டர்கள் இருந்தார்கள், ஊசி இருந்தது.

பெண் குழந்தை. பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. இரண்டு உயிரும் தப்பின.

திரும்பும் பஸ்ஸில் நான் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்திருந்தால் பொன்னி இல்லை. இரண்டு வருஷத்தில் காரக்கொல்லைக்கு நான் எத்தனை முறை போயிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். பிரசவத்துக்குக் கூப்பிட்டபோது மட்டும் போயிருக்கிறேன். கூப்பிடத் தெரிந்தவர்கள், வண்டி வைத்திருந்தவர்கள் என் நாளை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கூப்பிடாதவர்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

3. கிழமைக்கு ஓர் ஊர்

அடுத்த வாரமே ஐந்து ஊரையும் ஐந்து கிழமைக்குப் பிரித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை டாக்டரம்மாவோடு டிஸ்பென்சரியில். கேட்க எளிது. நடைமுறையில் ஒவ்வொரு ஊரிலும் போய் நின்று, எந்த நாள், எந்த வேளை தோது என்று பெண்களிடமே கேட்க வேண்டியிருந்தது. ஓர் ஊரில் சந்தை நாள் ஆகாது. இன்னோர் ஊரில் வெள்ளிக்கிழமை எல்லோரும் தலைக்குக் குளிக்கிறார்கள். காரக்கொல்லையில் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள், வீடு வீடாகப் போய்ப் புண்ணியமில்லை.

"கஞ்சி குடிக்கிற நேரத்துக்குக் கொல்லைக்கே வாங்க நர்சம்மா. நாங்க எல்லாம் ஒண்ணாத்தான் உக்காந்துகினு இருப்போம்" என்றார்கள். அதனால் வியாழக்கிழமை மத்தியானம் காரக்கொல்லை என்று வைத்தேன். புளியமரத்தடியில் புடவையைத் திரையாகக் கட்டி வயிறு பார்ப்பேன். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். வெள்ளையாகத் திரிந்தால் ஆபத்து. அதைப் பார்க்கப் பெண்கள் சுற்றி நின்றுகொள்வார்கள். "எனுது திரியல, எனுது திரியல" என்று சிரிப்பார்கள்.

கிழமை தவறிக் கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வழி வேண்டுமே. ஆள் வந்து நின்றால் உடனே பையைத் தூக்குவதை நிறுத்தினேன். முதலில் கேட்பேன்: வலி எடுத்துவிட்டதா? தண்ணீர் உடைந்ததா? ரத்தம் பட்டதா? தலைவலி, கண் மங்கல் உண்டா? எதற்காவது ஆமாம் என்றால் சோற்றுக் கையோடு கிளம்புவேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், "உங்க ஊருக்கு உண்டான கிழமையில வந்து பார்க்கிறேன்" என்பேன்.

வீட்டிலும் சிலதை மாற்றினேன். பிரசவம் முடிந்து வந்தால் எவ்வளவு அசதியானாலும் கத்தரிக்கோலையும் நூலையும் வேகவைத்து, பையை அப்போதே திரும்பக் கட்டிவிட்டுத்தான் படுப்பேன். முன்பு ஆள் வந்து நிற்கும்போதுதான் பஞ்சு எங்கே, சோப்பு எங்கே என்று தேடுவேன். கட்டிய பை வாசலுக்குப் பக்கத்தில் தொங்கினால் மனம் அமைதியாக இருக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

4. ராஜம்மா

வில்வண்டி வந்தது. கேள்விகளைக் கேட்டேன். வண்டிக்காரர் முழித்தார்.

"அதெல்லாம் தெரியாது நர்சம்மா. சின்னம்மாவுக்குப் புரை ஏறிச்சாம்."

"புதன்கிழமை காலையில வேப்பங்கண்டிகை. கட்டாயம் வருவேன்னு சொல்லுங்க."

வண்டி காலியாகத் திரும்பியது. ஊரே பார்த்தது. சனிக்கிழமை டாக்டரம்மா வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"ஏமம்மா இது? முன்சீப்காரு என்கிட்டயே வந்து கம்ப்ளைண்ட் பண்ணாரு. வண்டி அனுப்பினா நர்ஸ் வரலையாம். உன்னை வேற ஊருக்கு மாத்தணும்னு மேல எழுதப் போறாராம்."

நடந்ததைச் சொன்னேன்: பொன்னி கதை, கிழமைக் கணக்கு, கேட்கிற கேள்விகள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் சரே. ஆனா ராஜம்மாகிட்ட நீ நேரா போய்ச் சொன்னியா? வண்டிக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பினா அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்? போ. முதல்ல போய்ச் சொல்லு. மேல எழுதினா நான் பார்த்துக்கறேன்."

புதன்கிழமை காலையில் நானே நடந்து போனேன். ராஜம்மா காபி கொடுக்கவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு, "வந்துட்டாங்க பெரிய டாக்டரு" என்றார்.

"பெரியம்மா, இனிமே ஒவ்வொரு புதன்கிழமையும் இதே நேரத்துக்கு வருவேன். நீங்க கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடலேன்னாலும் வருவேன். மழை வந்தாலும் வருவேன். பிரசவத்துல மாட்டிக்கிட்டு வர முடியலேன்னா சேதி அனுப்பி, மறுநாளே வந்துடுவேன். வலி எடுத்தா மட்டும் எந்த நாளானாலும் வண்டி அனுப்புங்க."

நான் கிரிஜாவைப் பார்த்து முடித்துக் கிளம்பும்போது வாசல் வரை கூடவே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்திச்சு. உனக்குத் தெரியாது, நீ வரத்துக்கு முன்னாடி. தலைப்பிரசவத்துக்கு இங்கதான் வந்திச்சு. ஆள் அனுப்பினோம். அப்ப இருந்த நர்சு எந்த ஊருல கீறான்னே யாருக்கும் தெரியல. தேடிக்கினே இருந்தோம்." உள்ளே கிரிஜா இருந்த பக்கம் கையைக் காட்டி, "இது என் பொண்ணு இல்ல, இன்னொருத்தர் பெத்தது. ஏதாச்சும் ஆயிடுச்சின்னா அவங்களுக்கு நான் இன்னா சொல்வேன்?" என்றார்.

இடுப்புப் பிடிப்பும் ஏப்பமும் புரையும் எதற்காக என்று அப்போது விளங்கியது. என்னை அதிகாரம் செய்ய அவர் வண்டி அனுப்பவில்லை. நான் எங்கே இருக்கிறேன், கூப்பிட்டால் கிடைப்பேனா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "புதன்கிழமை வரேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த புதனும் போனேன், அதற்கடுத்த புதனும். வில்வண்டி வருவது நின்றுபோனது. வலி எடுத்த அன்றுதான் மறுபடி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை. சாயங்காலத்துக்குள் கிரிஜாவுக்கு ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. ராஜம்மா குழந்தையை வாங்காமல் முதலில் மருமகள் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தார். மேலே எழுதுகிற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

என் சர்வீஸில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த வாசலில் கற்றது. நம்மை ஓயாமல் தொந்தரவு செய்கிறவர்களில் பலருக்கு நம் நேரம் அவ்வளவு தேவைப்படுவதில்லை. நாம் எப்போது வருவோம் என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லிவிட்டு, சொன்னபடி போய் நின்றால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

5. எல்லைக்கோடு

சில வருஷம் இப்படியே நன்றாகப் போயிற்று. அதற்குள் எல்லைப் பேச்சு முற்றிவிட்டது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று பஸ்ஸில், டீக்கடையில், கொல்லையில் எல்லாம் அதே பேச்சு. முடிவில் திருத்தணி அந்தப் பக்கம் போனது. நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்றன. வேலையில் இருந்தவர்களிடம் எந்த மாநிலம் வேண்டும் என்று கேட்டார்கள். நானும் சுந்தரமும் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் பேசி முடித்துவிட்டோம். "எங்க இருந்தாலும் தமிழ்தான் பேசப் போறோம். உன் புதன்கிழமைக்காரங்களை உட்டுட்டு எங்க போறது?" என்றார். தங்கிவிட்டோம்.

ஆனால் கோடு ஓடையின் இந்தக் கரையில் விழுந்தது. காரக்கொல்லை மெட்ராஸுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை டாக்டரம்மா சொன்னார்: "காரக்கொல்லை இனி உன் ஏரியா இல்லம்மா. அவங்க நர்ஸ் போடுவாங்க."

"எப்பம்மா போடுவாங்க?"

"தெலியது. கொஞ்ச நாள் ஆகலாம்."

"பொன்னிக்கு இப்ப ஏழு மாசம்மா. ரெண்டாவது. முதல் பிரசவத்துல ஜன்னி வந்தவ. போன வாரம் கால்ல லேசா வீக்கம் இருந்திச்சு."

டாக்டரம்மா என் பிரசவப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "வியாழக்கிழமை மத்தியானம் நான் உன்னை எங்கயும் தேட மாட்டேன். ஆனா பை கவர்ன்மெண்டுது. உன் சொந்தப் பையில எடுத்துக்கினு போ."

அவர் எனக்குப் பஞ்சும் ஸ்பிரிட்டும் தன் கைக்காசில் வாங்கித் தந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஓடையைத் தாண்டி இன்னொரு மாநிலத்துக்குப் போய் வயிறு பார்த்துவிட்டு வந்தேன். புளியமரம் அங்கேயேதான் இருந்தது. பொன்னியின் மூத்த பெண், அந்தப் பூனைக்குட்டி, இப்போது வரப்பில் ஓடிவந்து, "நர்சு வருது, நர்சு வருது" என்று கத்தும்.

ஒரு வியாழக்கிழமை கண்ணாடிக் குழாயில் லேசாகத் திரிந்தது. "கொல்லை வேலை போதும் பொன்னி. உப்பைக் குறைச்சிக்கோ. படுத்துக்கோ" என்றேன். இந்தத் தடவை அவள் தர்க்கம் பண்ணவில்லை. "எங்க நைனா ஊட்டுக்குப் போயி படுத்துக்கினு இருக்கிறேன். நீங்க வர்ற கெழமைக்கு இங்க வந்துர்றேன்" என்றாள்.

புது நர்ஸ் வந்தாள். வேலூரில் படித்தவள், சின்ன வயது. பெயர் மேரி. நான் அவளைப் புளியமரத்தடிக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு பெண்ணையும் கை பிடித்து அறிமுகப்படுத்தினேன். பொன்னியிடம் வந்தபோது, "இவளை மட்டும் வீட்டுல பிரசவம் பார்க்காதே. நாள் நெருங்கினதும் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு" என்றேன். மேரி கேட்டாள்: "அக்கா, இவங்களுக்கெல்லாம் நீங்க என்னைக்கு வருவீங்க?"

"வியாழக்கிழமை."

"அப்ப நானும் வியாழக்கிழமையே வரேன்" என்றாள்.

பொன்னிக்குத் திருத்தணியில் பையன் பிறந்தான் என்று மேரி ஆள் அனுப்பிச் சொன்னாள். ஜன்னி வரவில்லை.

6. காலியான ஒரு நாள்

என் வாரத்தில் வியாழக்கிழமை காலியானது. டாக்டரம்மா மலையடிவார ஊர் ஒன்றைச் சொல்லி, "அதை அந்த நாளுக்குப் போட்டுக்கோ" என்றார். முன்பிருந்த சரோஜாவாக இருந்தால் அப்போதே தலையாட்டியிருப்பாள். நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்:

"அம்மா, அந்த ஊரை வெள்ளிக்கிழமையோட சேர்த்துக்கறேன், ரெண்டும் ஒரே வழிதான். வியாழக்கிழமை காலியா இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பிரசவம் இழுத்துக்கிட்டா அந்த ஊர் விட்டுப்போகுது. அதைப் பிடிக்க ஒரு நாள் வேணும். இல்லேன்னா வாரமே இடிஞ்சு விழுது."

"எதுவும் விட்டுப்போகாத வாரம் ஏம் சேஸ்தாவு?"

என்ன செய்வேன் என்று கேட்கிறார். "தெரியலம்மா. இருந்து பார்க்கணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அப்படி எதுவும் விட்டுப்போகாத முதல் வியாழக்கிழமை வந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், அவசரமில்லாமல், புளியை நன்றாகக் கொதிக்கவிட்டு. சோறு முழுக்க வெந்தது. மத்தியானம் சுந்தரம் வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன். கை கழுவிக்கினு வந்து உக்காருங்க."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் தன் வகுப்பைப் பற்றிப் பேசினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார், எந்தப் பையன் இரண்டையும் கலந்து எழுதி எல்லோரையும் சிரிக்க வைக்கிறான் என்று. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

இப்போது வேலைக்கு வருகிற பெண்கள் என்னைக் கேட்கிறார்கள், வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. நான் சமாளித்தது ஒரே வழியில்தான். யாருக்கு எந்த நேரம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் போய் நில்லுங்கள். கூப்பிடத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு பங்கை எதையும் போட்டு நிரப்பாமல் வையுங்கள். அவசரம் வந்தால் அதற்கு ஆகும். வராவிட்டால் உங்களுக்கு.

அன்றைக்குச் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் கூப்பிடவில்லை. சுந்தரம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். ஊற்றினேன்.